உப்பு மாஸ்டரின் மூன்று பொட்டலங்கள்

ஃபிஜியின் அத்தனை தீவுகளையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் உப்பு மாஸ்டரைப் போன்ற ஒரு பயந்தாங்கொள்ளி அகப்பட மாட்டார். இடி, தவளை, மினிபஸ், மாமியார் எல்லாமே அவருக்குப் பயம். இத்தனைக்கும் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. பயந்தது அடுத்தவர்களின் மாமியாருக்கு. எங்கள் கோயில் தீமிதியில், நெருப்பில் நடப்பவர்கள் சாந்தமாக நடந்து போவார்கள். மாஸ்டர் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீரோடு நடுங்கிக்கொண்டு நிற்பார்.

சுவாவுக்குப் பக்கத்து நசினுவில் அவர் எங்களுக்கு அடுத்த வீடு. ஹைஸ்கூலில் பயாலஜி வாத்தியார். ஆனால் பயாலஜி நடத்தி யாரும் பார்த்ததில்லை. வருஷம் பிறந்தால் உப்பில் ஆரம்பிப்பார். சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கும், குளோரின் வாங்கிக்கொள்ளும், தண்ணீரில் போட்டால் இரண்டும் பிரிந்து நீந்தும். இதிலேயே பாதி வருஷம் போய்விடும். அதனால்தான் அந்தப் பெயர்.

"மாஸ்டர், இருதயம் எப்ப வரும்?" என்று பெற்றோர்கள் கேட்டார்கள்.

"உப்பும் தண்ணியும் புரியாதவனுக்கு ரத்தம் எப்படிங்க புரியும்? ரத்தம் புரியாம இருதயத்தை வெச்சிக்கினு என்னா பண்றது?"

பயம் வந்தால் அந்தப் பயத்துக்கும் விளக்கம் சொல்லுவார். "வேகமா மூச்சு விடறேன் இல்லே? ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொறையுது. ரத்தம் காரமாயிட்டுது. அதான் வெரலு மரத்துப் போவுது, பாருங்க பாய்." ஃபிஜியில் அண்ணன், தம்பி, அடுத்த வீட்டுக்காரன் எல்லோருமே 'பாய்'தான். மரத்த விரல்களை நம் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

பிறகு ஆட்சிக் கவிழ்ப்பு வந்தது. அதற்கப்புறம் பயப்படுவதில் அவருக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லாமல் போயிற்று.

தலைநகர் சுவாவில் இந்தியர்களின் கடைகள் எரிந்தன. நான் ஆபீஸிலிருந்து ஓடிவந்து மினிபஸ் பிடித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாஸ்டர் இரும்பு அலமாரியை இழுத்துத் தன் வீட்டு வாசல் கதவை அடைத்திருந்தார். உள்ளே யாரும் வர முடியாது. அவரும் வெளியே வர முடியாது. அலமாரியைத் திரும்ப நகர்த்தும் பலம் அவருக்கு இல்லை. ஜன்னல் வழியாக நான் நுழைந்து நகர்த்தினேன். நான் உள்ளே குதித்த சத்தத்துக்கு அவர் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்.

மறுநாள் காலை என் தங்கை செல்லம்மா, ரேவா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வுனிமோனோவிலிருந்து போன் பண்ணினாள். அழுகையில் பாதிப் பேச்சு புரியவில்லை. அவள் கைக்குழந்தைக்கு வாந்தி, பேதி. நாக்கு வறண்டுவிட்டது. அழுகிறான், கண்ணீர் வரவில்லை. பஸ் இல்லை, டாக்ஸிக்காரன் வர மாட்டேன் என்கிறான். நான் மாஸ்டரைக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தேன்.

"சக்கரை இருக்கா, தங்கச்சி?"

"இல்லே மாஸ்டர், தீந்துடுச்சி. கடைங்க எல்லாம் மூடிட்டாங்க. உப்புதான் இருக்குது."

மாஸ்டர் முகம் வெளுத்தது. "உப்பை மட்டும் கரைச்சிக் குடுத்துடாதே! அது ஒடம்புல இருக்கற தண்ணியையும் வெளிய இழுத்துடும். சக்கரை கூட இருந்தாத்தான், கொடலு ரெண்டையும் சேத்து உள்ள இழுக்கும். அதுங்க பின்னாலயே தண்ணி போவும். தண்ணிய மட்டும் காய்ச்சி ஆற வை. நாங்க..."

லைன் அறுந்தது.

மாஸ்டர் ரிசீவரை வைத்தார். பிறகு வீட்டுக்குப் போய்ப் பள்ளிக்கூடத் தராசில் நிறுத்து, குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு என்று மூன்று வெள்ளைப் பொட்டலங்களோடு வந்தார்.

"குடுங்க மாஸ்டர், நான் கொண்டு போறேன்."

"நீங்களா? நீங்க அளவை மாத்திடுவீங்க, பாய். உப்பு கூடிப் போச்சின்னா என்னா ஆவும்?" வாசலில் நின்ற என் காரில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வழியில், நௌசோரி ஊருக்கு இந்தப் பக்கம் சாலையின் குறுக்கே ஒரு மரம் கிடந்தது. அரிவாளோடு நாலைந்து பூர்வகுடி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைவன் போலிருந்த, மலை மாதிரி ஒரு மனிதன் எழுந்து வந்து பொட்டலங்களைப் பிரித்தான். வெள்ளைப் பொடியைக் கண்டதும் அவன் முகம் மாறியது.

"ஈ கா ஹை?" இது என்ன என்று இந்தியில் கேட்டான்.

மாஸ்டர் சோடியத்தின் எலக்ட்ரானிலிருந்து ஆரம்பித்தார். அந்த ஆள் அரிவாளால் பொட்டலத்தைத் தட்டி, தின்று காட்டு என்று சைகை செய்தான்.

மாஸ்டர் குளுக்கோஸைத் தின்றார். உப்பைத் தின்றார். பயத்தில் அளவு தெரியாமல் சோடா உப்பை ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டார். ஒரு நிமிஷம் எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. பிறகு ஒரு ஏப்பம் வந்தது. ஏப்பமா அது! ரேவா ஆற்றின் அக்கரையில் மேய்ந்த மாடுகூடத் திரும்பிப் பார்த்திருக்கும். ஆட்கள் துள்ளிப் பின்வாங்கினார்கள். அப்புறம் அந்த மலை மனிதன் தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். மரத்தைத் தூக்கி நகர்த்தினார்கள்.

மாஸ்டர் நகரவில்லை. "அது ஒண்ணுமில்லே, வயித்துல இருக்கற அமிலமும் இந்தக் காரமும் சேந்தா கேஸு வரும். அதாவது..." சட்டையைப் பிடித்து இழுத்துக் காரில் போட்டேன்.

வுனிமோனோவில் குழந்தை வாடிய கீரை போலக் கிடந்தான். தின்றது போக மீதியை எப்படி அளப்பது என்று நான் பதறினேன். மாஸ்டர் சட்டைக்குள்ளிருந்து இன்னும் மூன்று பொட்டலங்களை எடுத்தார். "பயம் இருக்குதுங்களே பாய்," என்றார்.

கரைத்தார். செல்லம்மா மடியில் வைத்து ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்தாள். வாந்தி எடுத்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கொடுத்தாள். மாஸ்டர் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "உள்ள போவுதா? உள்ள போவுதா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் சாயும் நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதான். கன்னத்தில் ஒரு சொட்டு உருண்டது. மாஸ்டர் பாய்ந்து வந்து அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு!" என்றார். அங்கேயே மயங்கி விழுந்துவிட்டார். அவருக்கும் அதே கரைசலைக் கொடுத்துத்தான் எழுப்பினோம்.

அதற்குப் பிறகு எங்கள் தெரு மெல்ல மெல்லக் காலியாயிற்று. ஆக்லாந்து, சிட்னி, பிரிஸ்பேன் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். ஆக்லாந்தில் இருந்த அவருடைய அக்கா வற்புறுத்தி மாஸ்டருக்கும் டிக்கெட் அனுப்பினாள். விமானமென்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஏர்போர்ட் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ள கூப்பிடற வரிக்கும் விட்டுடாதீங்க, பாய்."

நான் விடவில்லை. கூப்பிட்டார்கள். அப்போதும் விடவில்லை. கடைசியில் அவரே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, "பயப்படாதீங்க பாய், போயிட்டு வரேன்," என்றார்.