பேத்தியின் வயிறு சரியாகிவிட்டது, புறப்பட வேண்டாம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் வீட்டுக்காரி, மகள், தங்கள் மகன் எல்லோரும் சௌக்கியம். நம் பேத்தி பொடிசின் வயிறும் நேற்று மாலையிலிருந்து சௌக்கியம். அங்கே தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். போன வாரம் நான் போனில் போட்ட கூச்சலை நம்பித் தாங்கள் பெட்டி கட்டியிருந்தால், தயவுசெய்து பிரித்துவிடவும். தாங்கள் வர வேண்டிய அவசியமே இல்லை. இதையும் போனில் சொல்லியிருக்கலாம். நடுவில் நீங்கள் "ம்" கொட்டினால் எனக்குக் கோர்வை அறுந்துவிடுகிறது.

அன்று நான் சொன்னது நினைவிருக்கும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த உங்கள் பிள்ளை, வேலையை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு வீட்டில் உட்காரப்போகிறாராம், என் மகள் வருகிற திங்கட்கிழமையிலிருந்து பழையபடி பஸ் ஓட்டப் போகிறாளாம், இது எங்கே போய் முடியும், உடனே வந்து உங்கள் பிள்ளைக்குப் புத்தி சொல்லுங்கள் என்று கத்தினேன். அதில் ஒரு வார்த்தை விடாமல் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மாப்பிள்ளை என்றால் அவர்தான் சார் மாப்பிள்ளை.

நடந்தது இதுதான். ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி பாலோடு கொஞ்சம் திட ஆகாரமும் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை சாதத்தை நன்றாகக் குழைத்து, பால் விட்டுத் தளர்த்தி, கரண்டி நுனியில் எடுத்து ஊட்டினார். பொடிசு நாக்கால் பாதியை வெளியே தள்ளி, மீதியை விழுங்கி, இன்னும் கொண்டா என்பதுபோல மேஜையைத் தட்டியது. அதோடு விட்டிருக்கலாம். அவர் கரண்டி கழுவப் போன சமயம் பார்த்து, பிள்ளை முகத்தில் பசி தெரிகிறதே என்று என் வீட்டுக்காரி வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்திருக்கிறாள். வேலைக்குப் போய்விட்டால் ஊட்ட முடியாதே என்று மகள் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சாதம். அடியேன் என் தட்டிலிருந்தே கெட்டியாக ஓர் உருண்டை. இது தினமும் நடந்திருக்கிறது, ஒருவருக்கொருவர் தெரியாமல். பொடிசு யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் அன்றைக்கு அப்போதுதான் சோற்றைக் காண்பது மாதிரி வாயைத் திறந்தது. உள்ளே போனதெல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. பிள்ளை முகம் சிவக்கும், காலை வயிற்றோடு மடக்கும், முக்கும், ஒன்றும் வராது, வீறிட்டு அழும். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று கூடவே முக்குவோம். வாழ்நாளெல்லாம் குழாய் வேலை பார்த்தவன் நான், எனக்குத் தெரியாத அடைப்பா? மேலேயிருந்து வேகமாகத் தள்ளினால் கீழே தானாகத் திறந்துகொள்ளும், இன்னும் ரெண்டு வாய் கூடவே கொடுங்கள் என்று மாப்பிள்ளையிடம் அடித்துச் சொன்னேன். அவர் நிதானமாக, "மாமா, இது அடைப்பு இல்ல. புதுக் குழாய். இத்தனை நாளா பால் மட்டுந்தான் ஓடிப் பழக்கம். கொஞ்சம் பழகிக்கட்டும், விடுங்க" என்றார். எத்தனையோ இன்ஜினியர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன், ஒருத்தரும் என் பாஷையிலேயே என் வாயை அடைத்ததில்லை. அப்படியும் விட்டேனா? குழாயில் காத்து அடைச்சிருக்கும் என்று பிள்ளையைத் தோளில் போட்டு முதுகில் தட்டினேன். வந்தது, ஆனால் மேல் வழியாக, என் சட்டை மேல். மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மா வேறு இறங்கி வந்து, காலையில் ஒரு வைத்தியம், சாயங்காலம் அதற்கு நேர்மாறாக ஒன்று. மாப்பிள்ளை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், நன்றி சொன்னார், ஒன்றையும் செய்யவில்லை.

என் கவலையெல்லாம் மகள்மேல்தான். "இது வயித்த இப்படி வச்சிக்கிட்டு நான் வண்டிய எடுக்க மாட்டேன். வேலைய விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டாள். ஸ்டீயரிங்கைப் பிடிக்க அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் திரும்ப அந்த வேலை கிடைக்குமா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளை டாக்டருக்குப் போன் போட்டார். விடாத வாந்தி, ரத்தம், வயிறு கல் மாதிரி இறுகுவது, பால் குடிக்க மறுப்பது, இதில் எது இருந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் பயம் வேண்டாம் என்றாராம். பிறகு மாப்பிள்ளை எங்களை வரிசையாக உட்கார வைத்து, யார் யார் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். மூன்று பேரும் விட்டத்தைப் பார்த்தோம். கடைசியில் எல்லாம் வெளியே வந்தது, வர வேண்டியதைத் தவிர. அவர் கோபித்துக்கொள்ளவில்லையே! "பாவம், ஒரு வயித்துக்கு நாலு சமையல்காரங்க" என்று சிரித்தார். அன்றிலிருந்து ஊட்டுவது ஒரே கை. வாழைப்பழம் நிறுத்தம். சாதம் குறைவாக, தளர்வாக. பேரிக்காயை வேகவைத்து மசித்துக் கொஞ்சம். சாப்பாட்டுக்குப் பின் சின்னக் கிண்ணத்தில் ஒரு வாய் தண்ணீர். பால் வழக்கம்போல. புதிதாக எது கொடுத்தாலும் சில நாள் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. நடுவில் பாயில் படுக்கப் போட்டு, சைக்கிள் மிதிப்பதுபோலக் காலை மாற்றி மாற்றி மடக்கி நீட்டுவார். உள்ளங்கையால் தொப்புளைச் சுற்றி மெதுவாகத் தடவிக்கொண்டே, "என்ன அவசரம், உன் இஷ்டத்துக்கு வா" என்று அந்த வயிற்றோடு பேசுவார். நான் கதவோரம் நின்று பார்ப்பேன். எனக்கு அப்படி ஒரு கையும் இல்லை, அப்படி ஒரு பொறுமையும் இல்லை.

நேற்று மாலை மகள் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு, ஒரு தடவை உடுத்திப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன் என்று உடுத்தினாள். கண் கலங்கியபடி பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தாள். ஒரு சத்தம். அடுத்து ஒரு பெரிய சத்தம். அப்புறம் மகள், "வந்துடுச்சு" என்றாள். அடுப்பை அணைக்காமல் என் வீட்டுக்காரி ஓடிவந்தாள். மாப்பிள்ளை கடையில் போட்டுக்கொள்ளும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டி, குனிந்து பார்த்து, "மெத்துன்னு இருக்கு. நிறமும் சரி" என்றார். டைப்பிஸ்ட் அம்மாவும் வந்து பார்த்து, தன் வைத்தியம்தான் பலித்தது என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவுக்கே தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறேன், எனக்கு யாரும் இப்படிக் கைதட்டியதில்லை. மகள் அழுகையும் சிரிப்புமாகத் தன் மடியைப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமைக்குள்ள இது காஞ்சிடுமா?" என்றாள். எனக்குப் போன உயிர் வந்தது.

ஆகவே, மாப்பிள்ளை இருக்கிறார், அவர் போதும். முழங்காலை வைத்துக்கொண்டு தாங்கள் அலைய வேண்டாம். வீட்டுக்காரி தங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள். பொடிசு ஏப்பம் அனுப்பியிருக்கிறது. தாங்கள் நீண்ட ஆயுளோடும், தங்கு தடையற்ற ஜீரணத்தோடும் இருக்க எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: தபாலில் போடச் சொல்லி இதை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "மாமா, எனக்கு ஒண்ணும் தெரியாது. தினம் அப்பாவுக்குப் போன் பண்ணுவேன், அவர் சொல்லச் சொல்லச் செய்வேன். அம்மா தவறினப்ப எனக்கும் ஆறு மாசந்தான். அப்பாதான் ஊட்டினாரு" என்றார். உங்கள் அக்காதான் வளர்த்தார்கள் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆம்பளைங்க நமக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று நான் போனில் கத்தியபோது "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தீர்களே சம்பந்தி. மேலே வர வேண்டாம் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். கட்டாயம் வாங்க. எந்த பஸ் என்று மட்டும் சொல்லுங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானே வந்து நிற்கிறேன்.