பீடிங் மாமாவும் நாலாவது மூலையும்

மயிலாப்பூரில் கபாலீசுவரருக்கு அடுத்தபடியாகக் கழுத்தில் கருநாகத்தோடு உலா வந்தவர் பீடிங் மாமா ஒருவர்தான். நாகம் என்றால் ரப்பர். அவருடைய பழைய சிவப்பு ரெண்டு சீட்டர் ஸ்போர்ட்ஸ் காரின் முன்கண்ணாடியைச் சுற்றி மாட்டவேண்டிய பீடிங். கடல் கடந்து பார்சலில் மடங்கி வந்ததில் அங்கங்கே மடிப்பு. உடம்புச் சூட்டில்தான் மடிப்பு நிமிரும் என்பது அவர் கட்சி. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே கத்தரிக்காய் பொறுக்குவார், குளத்தங்கரையில் காற்று வாங்குவார்.

"இன்னா மாமா, பாம்பு சவுக்கியமா கீதா?" என்று கேட்பார் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்.

"தலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் விறைப்பா இருக்குப்பா" என்று நின்று நிதானமாகப் பதில் சொல்வார் மாமா.

நான் மாமா மாமிக்கு மேல்மாடி. அதனால் விஷயம் எனக்குத் தெரியும். அந்த வண்டியில் மாமி ஏறிப் பத்து வருஷமாகிவிட்டது. தி. நகரில் ஒரு கல்யாணம், வழியில் மழை, கண்ணாடி மூலையிலிருந்து ஒழுகி மாமியின் அரக்குப் பட்டில் பாதி நனைந்தது. மண்டபத்து வாசலில், "ஏன் மாமி, நடந்தா வந்தேள்?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். மாமி திரும்பிப் போனது பஸ்ஸில். "உள்ளே ஒரு சொட்டு விழாதுன்னு ஆனா ஏறறேன்" என்று சொன்னவர், பிறகு வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது சீட்டில் ஸ்பானர் பெட்டி குடியேறியது. அதைக் காலி செய்யத்தான் மாமாவின் தவம் அத்தனையும்.

முதலில் கதவுக்குப் புது ரப்பர் ஒட்டினார். அது தடித்த ரப்பர். கதவு மூடவே இல்லை. உள்ளே உட்கார்ந்து பல்லைக் கடித்து இழுத்தார், மூடிக்கொண்டது. பிறகு திறக்கவில்லை. நானும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு கதவைப் பிடித்துத் தொங்கினோம். உள்ளேயிருந்து மாமா, "இழுக்காதேள், ரப்பர் படியட்டும்! காத்து இருக்கு, பேப்பர் இருக்கு!" என்று கத்தினார்.

பால்கனியிலிருந்து மாமி சொன்னார்: "அங்கேயே இருக்கட்டும். ஆத்துக்குள்ள வந்தாலும் அதைத்தான் பேசப்போறார்."

சாயங்காலம் ரப்பருக்கே மனசு இளகிக் கதவு திறந்தது.

கண்ணாடிதான் பெரிய பாடு. பீடிங்கின் பள்ளத்தில் சுற்றிலும் ஒரு கயிற்றைப் புதைத்து, வெளியே நான் கண்ணாடியை அமுக்க, உள்ளேயிருந்து அவர் கயிற்றை உருவவேண்டும். உருவ உருவ ரப்பரின் உதடு தகரத்தின் விளிம்பில் ஏறி உட்காரும். மூன்று மூலை உட்காரும். நாலாவது உட்காரும்போது முதல் மூலை, பந்தியில் பாயசம் வராத சம்பந்தி மாதிரி எழுந்துவிடும். சோப்புத் தண்ணீர், ஷாம்பூ, வெண்டைக்காய்க் கொழகொழப்பு எல்லாம் தடவிப் பார்த்தோம். வெண்டைக்காய்க்கு எறும்பு வந்ததுதான் மிச்சம்.

சைதாப்பேட்டையிலிருந்து கண்ணாடி மாட்டுகிறவர் ஒருவரை வரவழைத்தோம். "இம்மாந்தானா? ஸ்க்ரூ டிரைவர் குடு மாமா, ஒரே நெம்பு" என்றார்.

"என் கண்ணுல வேணா நெம்பு. ரப்பர் மேல அது பட்டுது, பாத்துக்கோ!"

கயிற்றோடு மத்தியானம் வரை மல்லுக்கட்டிவிட்டு அவர் துண்டை உதறினார். "நைனா, நான் லாரிக்கே மாட்டிக்கீறேன். இது சம்பந்தம் பேசற கேஸு. தகரம் ஒத்துக்கினா ரப்பர் முறுக்கிக்குது. நீயே பேசி முடி."

மாமா வண்டியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வானம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது. 

மாடிப்படியில் செருப்புச் சத்தம். மாமி. கையில் ஒரு சொம்பு. அதில் செம்பருத்தி இலையைக் கசக்கிய பச்சைக் குழம்பு.

"தலைக்குத் தேச்சுக்க வெச்சிருந்தேன். என் முடிச் சிக்கையே வழுக்கி எடுத்துடறது, இந்த ரப்பரை உட்கார வெக்காதா?"

தடவினோம். கயிறு வெண்ணெயில் இழுத்த மாதிரி வந்தது. நாலாவது மூலை ஒரு சின்ன முனகலோடு உட்கார்ந்தது. முதல் மூலை எழவில்லை. கார் ஷெட் முழுக்க வெள்ளிக்கிழமைத் தலைக்குளியல் வாசனை.

மாமா ஸ்பானர் பெட்டியை இறக்கினார். சீட்டைத் தோள் துண்டால் துடைத்தார். மாமி ஏறி உட்கார்ந்தார். என் கையில் தண்ணீர்க் குழாய். கண்ணாடி மேல் மழையாகவே பொழிந்தேன். மாமா வலது சீட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு தன் பக்க விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

இடது மூலையில் ஒரு முத்து திரண்டது. நடுங்கியது. மாமியின் தோளில் விழுந்தது. நான் பார்த்ததை மாமியும் பார்த்துவிட்டார். முந்தானையை இழுத்து அந்த இடத்தை மூடிக்கொண்டார்.

"ஒழுகறதா?" என்றார் மாமா, திரும்பாமல்.

"ஒரு சொட்டுகூட இல்லை. வண்டிய எடுங்கோ, பீச்சுக்குப் போகலாம்."

அந்தப் பிளாட்ஸைப் பிற்பாடு இடித்துவிட்டார்கள். அவர்கள் அடையாறுக்குப் போக, நான் கே.கே. நகர் வந்துவிட்டேன். போன மாதம் அடையாறு சிக்னலில் அந்தச் சிவப்பு வண்டியைப் பார்த்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மாமி இடது பக்கம். அவர் தோளில், மடித்து வைத்த ஒரு சின்னக் கைத்துண்டு. பச்சை விளக்கு விழுவதற்குள் மாமா எட்டி அதைத் திருப்பிப் போட்டார், ஈரம் படாத பக்கம் மேலே வரும்படி.