குற்றப்பத்திரிகை தின்ற மிளகாய்

சிட்னியில் எந்த மூலையில் எது பிழையாகப் போனாலும் அதற்குப் பெயர் சூட்டுவதற்கென்றே பிறந்தவர் ஒருவர் இருந்தார். எழுபதுகளில் பரமட்டாவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் பக்கத்து அறைக்காரர். அயர்லாந்துக்காரர், ஓய்வுபெற்ற பஸ் கொண்டக்டர். 'குற்றப்பத்திரிகை' என்பது அவருக்கு நான் வைத்த பெயர்.

பால் பொங்கி வழிந்தால் அவருடைய ஐரிஷ் பாஷையில் அது 'லொக்ட்', சின்னப் பிழை. ஞாயிறு பூசைக்குப் போகாமல் படுத்திருந்தால் 'பியாக்கா', பாவம். பூனை கவிழ்த்த பூச்சட்டிக்கு யாராவது என்னைக் குற்றம் சொன்னால் 'மில்யான்', பழி. பூனையை நிறுத்தி வைத்துத் தீர்ப்பும் வாசித்தார். 'நாரெ' என்ற சொல்லுக்கு மட்டும் பொருள் கேட்டால் முகம் கறுத்துவிடும்.

"அதை விடும், தம்பி."

அங்கே எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். என் மண்டையில் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகவே பதிந்து கிடக்கிறது, என்ன செய்ய!

ஒரு சனிக்கிழமை, நாக்குச் செத்துப்போய், வீட்டுச் சொந்தக்காரி கடைக்குப் போன நேரம் பார்த்துக் குசினியில் செத்தல் மிளகாய் வறுத்தேன். ஐயோ, அந்தப் புகை! தும்மாத ஆள் இல்லை. திரும்பி வந்தவள் இருமி இருமிக் கத்தினாள்.

"ஆர் செய்த வேலை இது? செய்த ஆள் இண்டைக்கே வெளிய போகவேணும்!"

என் நிறத்தைப் பார்த்து ஒன்பது வீட்டில் கதவைச் சாத்திய பிறகு கிடைத்த அறை அது.

"நான்தான். தடிமனுக்கு, மூக்கடைப்புக்கு மருந்து" என்றார் குற்றப்பத்திரிகை.

"நீரோ? மிளகுத்தூளுக்கே அழுகிற ஆள்!"

மனுசன் சட்டியிலிருந்து ஒரு மிளகாயை எடுத்து மென்றார். காது சிவந்தது, மூக்கு ஓடியது, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மேலே அவருடைய அறைக்குப் போய்ப் பார்த்தால் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

"ஏன் ஐயா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"சின்னனிலை நான் களவெடுத்ததுக்கு அப்பா அண்ணனைத் துரத்திப்போட்டார். நான் வாய் திறக்காமல் பாத்துக்கொண்டு நிண்டனான். அதுதான் நாரெ. வெக்கம்."

குசினியில் நான் நின்றதும் அப்படித்தான். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. படியிறங்கி ஓடி வீட்டுக்காரியிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும். அவருக்கு அடுப்புப் பத்தவைக்கவே தெரியாது. நீர் எப்ப வருவீர் எண்டுதான் இருந்தனான். இனி வறுக்கிறதெண்டால் பின்வளவிலை வறும்."

பின்வளவில் நான் வறுக்கும்போதெல்லாம் அவரும் கதிரை போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், கண்ணீர் வடிய வடிய. எழும்பிப் போகச் சொன்னாலும் போகமாட்டார். இந்த நாட்டில் எனக்காக முதலில் அழுதவர் அவர்தான்.