சிவந்த நாக்கு, வெளுத்த நாக்கு

"இன்னொரு புகார் வந்துச்சுன்னா, ஃபான், நீ துணி வெளுக்கிற பிரிவுக்குப் போயிடு" என்றார் இயக்குநர் லூ.

செங்டூவின் அந்தச் சீன வைத்தியசாலையில் இருபத்திரண்டு வருடம் நாயாய் உழைத்துத் தலைமை நர்ஸ் ஆனவள் ஃபான் ஷுயிங். புகார் யாரால் வந்தது என்று அவளுக்குத் தெரியாதா? அவளுக்குக் கீழே இருக்கும் நர்ஸ் தாவ் லான் வாயைத் திறந்தால் நோயாளிகள் போர்வைக்குள் ஒளிந்துகொள்வார்கள். இன்னொரு நர்ஸ் மூ ச்சிங்கைக் கூப்பிட்டால், அவள் வருவதற்குள் வியாதியே குணமாகிவிடும்.

அவர்கள் குணத்தை மாற்ற மருந்து கேட்டு, இருவரையும் இழுத்துக்கொண்டு கிழட்டு வைத்தியர் கோங்கிடம் போனாள்.

"நாக்கு சிவந்திருந்தா உடம்புல நெருப்பு, கோபம் வரும்; குளிர்ச்சி தர்ற மருந்து. வெளுத்திருந்தா குளிர், மந்தம் வரும்; சூடு தர்ற மருந்து. எங்கே, நீட்டுங்க!" என்றார் கோங்.

மறுநாளே இருவருக்கும் பெயர் ஒட்டிய கஷாயப் பைகள் வந்தன.

மூன்றாம் நாள், உடம்பெல்லாம் அக்குபங்சர் ஊசியோடு படுத்திருந்த தாத்தாவிடம் தாவ், "அசைஞ்சீங்க, இன்னும் நாலு குத்துவேன்!" என்று சீறினாள். மூவோ ஒருவர் முதுகில் ரத்த ஓட்டத்துக்காகக் கவிழ்த்த கண்ணாடிக் குப்பிகளை எடுக்க மறந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். முதுகு கத்தரிக்காய் நிறமாகிவிட்டது.

ஃபான் அன்றே கோங்கிடம் ஓடினாள்.

"வியாதி வெளியே வருது, நல்லதுதான். ரெட்டிப்பாக் கொடு."

கொடுத்தாள். வெள்ளிக்கிழமை லூ வார்டைப் பார்வையிட வந்தார்.

"யாருய்யா அது நடுவழியில? தள்ளு!" என்று தாவ் அவரைச் சுவரோடு சாய்த்தாள்.

"தண்ணி..." என்று ஒருவர் முனகினார். "வர்றேன்... வர்றேன்..." என்றபடி மூ நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்தாள்.

ஃபானுக்கு அழுகையே வந்துவிட்டது. "வைத்தியர் கொடுத்த மருந்துதான் ஐயா!"

லூ கோங்கை வரவழைத்தார். "நாக்குல தப்பா? நாப்பது வருஷமா பார்க்கிறேன்!" என்று கோங் குதித்தார்.

அந்த நேரம் பார்த்து, மகளின் பிரசவத்துக்காக ஒரு மாதம் லீவில் போயிருந்த யூ அம்மா, எப்போதும் நாக்கைப் பார்த்துக் கோங்குக்குக் குறிப்பெழுதித் தரும் உதவியாளர், உள்ளே வந்தாள். பேரன் பிறந்த சந்தோஷத்தில், ஊர் வழக்கப்படி ரத்தச் சிவப்பில் சாயம் ஏற்றிய முட்டைகளை ஆளுக்கொன்றாகக் கையில் வைத்தாள்.

கோங் தன் முட்டையைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன யூ, பேரன் பிறந்திருக்கான், முட்டைக்குச் சிவப்புச் சாயம் போட மறந்துட்டியே!"