மலர் கோபப்படாத ஏழு நாள்

மனைவி தோசை சுட்டால் கணவனுக்குப் பசி ஆறும். ஆளைச் சுட்டால்? உலு திராம் ஊரில் இருக்கும் கமலநாதனுக்கு இந்தக் கவலை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

பல் கிளினிக் ஒன்றின் முகப்பு மேசையில் வேலை பார்க்கும் அவர் மனைவி மலர், லீவு நாளில் சோபாவில் சம்மணம் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கைப்பேசியில் துப்பாக்கி கேம் விளையாடுவாள். கூட விளையாடும் தோழிகளுக்கு, பின்னால் வருபவனைப் போட்டுத் தள்ளச் சொல்லிச் சத்தமாகக் கட்டளை வேறு. அன்றைக்கு அவள் எதிரே போய் நின்று, சோறு என்னாச்சு என்று கேட்டார் கமலநாதன். பறந்து வந்த குஷன் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனது.

சோபாவுக்கு அடியில் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டியதும் அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. துப்பாக்கி கேம் மனுஷரை முரடாக்குகிறது.

விஷயம் வீட்டோடு போயிருக்கும். ஆனால் கமலநாதன், மகள் லோஷினி படிக்கும் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் துணைத்தலைவர். அடுத்த ஞாயிறு கூட்டத்தில் பேச அவருக்கு ஒரு தலைப்பு தேவைப்பட்டது. அதுதான் மூக்கின் மேலேயே வந்து விழுந்துவிட்டதே. ஊரைத் திருத்துமுன் வீட்டைத் திருத்த வேண்டும் என்று, கேமை அழித்துவிடும்படி மலருக்கு உத்தரவு போட்டார்.

குஷனை எறிய வைத்தது கேம் இல்லை, அவர் கேட்ட கேள்வி என்றாள் மலர். வாட்ஸ்அப்பில் வந்த ஆதாரத்தை எடுத்துக் காட்டினார் கமலநாதன். யார் எழுதியது என்று கேட்டாள். யார் எழுதியதோ, பதினாறு பேர் அனுப்பியிருக்கிறார்கள் என்றார். ஆராய்ச்சி செய்தவர்களே இன்னும் ரெண்டு கட்சியாக நின்று வாதாடுகிறார்கள், பதினாறு பேர் எம்மாத்திரம் என்று சொல்லிவிட்டு, அவள் ஒரு யோசனை சொன்னாள்.

"ஒரு வாரம் பாப்போம்ங்க. நான் ஒரு தடவ கத்துனாலும், எதையாச்சும் எறிஞ்சாலும், கேமைத் தலைமுழுகிடுறேன். கத்தலன்னா, கூட்டத்துல எழுந்து நின்னு, நான் நெனச்சது தப்புன்னு நீங்க சொல்லணும்."

லோஷினிதான் நடுவர். கோபப்படும் ஒவ்வொரு தடவையையும் குறிக்க, பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். அப்பாவுக்கு ஒரு பத்தி, அம்மாவுக்கு ஒரு பத்தி. தனக்கு எதற்கு என்று கேட்டார் கமலநாதன். சும்மா, தாளில் இடம் இருக்கிறது என்றாள் மகள்.

மலரைக் கோபப்படுத்துவது கல்யாணமான நாளிலிருந்து அவர் முயற்சி இல்லாமலே செய்துவரும் காரியம். முயன்றால் அரை நாள் போதும் என்று நம்பினார்.

திங்களன்று, துடைத்த தரையில் சேறு படிந்த சப்பாத்துக் காலோடு நடந்தார். மலர் புன்னகையோடு மாப்பை அவர் கையில் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை, மீன் சம்பால் கோத்தா திங்கியில் இருக்கும் தன் அக்கா வைப்பது போல் இல்லை என்றார். உண்மைதான் என்று ஒத்துக்கொண்டு, புதன்கிழமை சமைக்காமல் விட்டாள். கோத்தா திங்கிக்கு ஓடிப்போகவா முடியும்? ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார். வியாழக்கிழமை, துணிந்து, கல்யாண நாளை மறந்தது போல் நடித்தார். மலரும் லோஷினியும் கேக் வாங்கி வந்து, அவர் மறந்த விஷயம் ஆயிற்றே என்று அவருக்குத் தொந்தரவு தராமல் முழுசாகத் தின்றார்கள். வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் நான்கு நண்பர்களைச் சாப்பிட அழைத்து வந்தார். எல்லாரையும் வாயார வரவேற்ற மலர், மகளோடு பசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் புறப்பட்டுப் போனாள். ஐந்து பேருக்கு மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டியது கமலநாதன்.

இடையிடையே அவள் ஹெட்போனை மாட்டி, கைப்பேசியில் விரலை ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள். கத்தவில்லை. முகத்தில் கோயில் சிலையின் சாந்தம். பார்க்கப் பார்க்கக் கமலநாதனுக்கு வயிறு எரிந்தது.

சனிக்கிழமை தொலைக்காட்சியில் பூப்பந்து. கடைசிப் புள்ளியில் பந்து கோட்டுக்கு வெளியே என்று நடுவர் சொல்லிவிட்டார். கமலநாதன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் காளியப்பன் ஓடி வந்தார். அவர் வாசலை மிதிப்பதற்குள் ரிமோட் சுவரில் மோதி மூன்று துண்டாகிவிட்டது. லோஷினி பேனாவைத் தேடினாள்.

"அப்பாவுக்கு இது அஞ்சாவது. அம்மா கோசோங், ஒண்ணுகூட இல்ல."

ஐந்தா என்று அவர் திகைத்தார். மாப்பை உதைத்தது, சாலையில் லாரிக்காரனை ஏசியது எல்லாம் தேதியோடு இருந்தன.

கமலநாதனிடம் ஆயிரம் குறை இருக்கலாம். சொன்ன சொல் மாறமாட்டார். ஞாயிற்றுக்கிழமை அறுபது பெற்றோர் முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்தார். தன் மனைவி வாரம் முழுக்கத் துப்பாக்கி கேம் விளையாடியும் ஒரு சுடுசொல் பேசவில்லை, ஒரு துப்பாக்கியும் தொடாத தான்தான் ரிமோட்டை உடைத்தது, கோபம் கேமில் இல்லை, ஆளிடம் இருக்கிறது என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முதல் வரிசையில் மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு நல்லவளைச் சந்தேகித்தோமே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

திரும்பும்போது காரில் அவரே வலியப் பேச்செடுத்தார். அந்தக் கேமைத் தனக்கும் சொல்லித் தரவேண்டும், இனி ஞாயிறுதோறும் சேர்ந்தே விளையாடலாம் என்றார்.

மலர் கைப்பேசியை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் பழம் பொருத்தும் கேம் ஒன்று; மாம்பழமும் ரம்புத்தானும் வரிசையாக நின்றன.

"பந்தயம் போட்ட அன்னைக்கே துப்பாக்கி கேமை அழிச்சிட்டேன்ங்க. அத வெளையாண்டா எனக்குக் கண்மண் தெரியாம கோவம் வருதுலா."