ஏலக்கா ஜீப்புல நான் தையக்காரி

நேத்து எனக்கு லீவு. போடிமெட்டுல இருக்க அக்கா வீட்டுக்குப் போயி பகல் பூரா தூங்கிட்டு வரணும். அவ்வளவுதான் சோலி.

நான் போடியில ஒரு ஆஸ்பத்திரியில நர்சு. போன வாரம் ஒரு பேசண்ட்டுக்குப் பிரஷர் பாத்த கையோட எனக்கும் கட்டிப் பாத்தேன். பேசண்ட்டுக்கு நார்மல். எனக்குத்தான் எகிறிக் கெடந்துச்சு.

டூட்டி டாக்டர் சொல்லிட்டாரு, ஒரு நாளாவது யார் வியாதியையும் காதுல வாங்காம தூங்கணுமாம். அப்பவும் எறங்கலைன்னா ஆயுசுக்கும் மாத்திரையாம். எனக்குக் கிலியாயிருச்சு. மாத்திரை குடுத்துத்தான் பழக்கம், முழுங்கிப் பழக்கமில்ல.

ஆனா எங்க பக்கம் நர்சுன்னு தெரிஞ்சா போதும். கல்யாணப் பந்தியிலயே காலத் தூக்கி ஆணியக் காட்டுவாக. பஸ்சுல எக்ஸ்ரேய விரிச்சுப் பிடிப்பாக. அதனால ஜீப்புல ஏறும்போதே முடிவு பண்ணிட்டேன், இன்னைக்கு நான் நர்சு இல்ல.

ஜீப்பு முழுக்க மலைத் தோட்டத்துக்கு ஏலக்கா எடுக்கப் போற அக்காமாருக. பக்கத்துல பாண்டியம்மான்னு ஒரு அக்கா. மொத வளைவு வர்றதுக்குள்ள, என்ன வேலை பாக்குறேன்னு கேட்டுருச்சு.

தைக்கிறேன்னு சொல்லிட்டேன். ஊசி பிடிக்கிற வேலைதான, முழுப் பொய்யும் இல்லன்னு மனசத் தேத்திக்கிட்டுக் கண்ண மூடினேன்.

பாண்டியம்மா விடல. அதுக்கு ரவிக்கைக் கை எப்பவும் இறுக்கிப் பிடிக்குதாம். எவ்வளவு விட்டுத் தைக்கணும்னு பாத்துச் சொல்லுன்னு கைய நீட்டிருச்சு.

சாண் போட்டு அளக்கத்தான் பிடிச்சேன், சத்தியமா. என் வெரலு அதுபாட்டுக்கு முழங்கை மடிப்புல போயித் தட்டுது. நல்ல தடிச்ச நரம்பு. அப்படி ஒரு நரம்பு கெடச்சா எங்க நர்சுமாருக்கு மனசு குளுந்துரும். தூக்கக் கலக்கத்துல வாயும் கூடச் சேந்துக்கிருச்சு.

"கைய நல்லா மூடிக்கங்கம்மா. லேசா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

டிரைவர் அண்ணே கண்ணாடியில என்னையப் பாக்குறாரு.

பாண்டியம்மா கைய வெரசா இழுத்துக்கிருச்சு. "ஏத்தா, ரவிக்கைக்கு எறும்பு எதுக்கு?"

வேற வழி? நர்சுதான்னு ஒத்துக்கிட்டுத் தலையத் தொங்கப் போட்டேன். இனி முழங்கால் வலி, இடுப்பு வலி, மாமியாளோட சக்கரை எல்லாம் வரிசையா வரும். எனக்கு இப்பவே பிரஷர் ஏறுது.

ஒண்ணும் வரல.

பாண்டியம்மா என் மூஞ்சிய உத்துப் பாத்துச்சு. கண்ணுக்குக் கீழ கெடக்க கருப்பப் பாத்துச்சு.

"நீயா நர்சு? ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்துட்டுப் பேரு வெட்டி வீட்டுக்குப் போற புள்ளன்னுல்ல நெனச்சேன்."

மத்தவுகளும் அப்படித்தான் நெனச்சாகளாம். ஒரு அக்கா காத்து படட்டும்னு ஓரத்து எடத்த விட்டுக் குடுத்துச்சு. இன்னொரு அக்கா துண்ட மடிச்சு என் தலைக்கு வச்சுச்சு. பாண்டியம்மா, யாரும் இதுகிட்டப் பேச்சுக் குடுக்கக் கூடாதுன்னு அதட்டிருச்சு.

எனக்குக் கோவம் வந்திருக்கணும். அழுகைதான் வந்துச்சு. அப்படியே தூங்கிட்டேன்.

மெட்டு வர்ற வரைக்கும் ஒருத்தரும் ஒரு வலியும் சொல்லல.

நோயாளிகிட்டப் போயி யாரு வைத்தியம் கேப்பா?