என் கடையில் எனக்கே அனுமதியில்லாத மூன்று நாட்கள்

அன்பின் தம்பி க்ளைவுக்கு,

மட்டக்களப்பிலிருந்து அண்ணன் வேர்னன் எழுதுவது. மாதாவின் தயவால் நானும் உன் அண்ணி தெல்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் தன்பாட்டுக்கு இருக்கிறது. மெல்பேணில் நீயும் பிறிசில்லாவும் பிள்ளைகளும் குளிர் படாமல் இருக்கவேண்டுமென்று ஞாயிறு பூசையில் கேட்டுக்கொண்டேன். நம் ஸ்டூடியோவுக்கு நீ அனுப்பிய சேர்வர் பெட்டியும் இப்போது சுகமாக இருக்கிறது. "இப்போது" என்று ஏன் எழுதினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாசித்து முடிக்கும்வரை தொலைபேசியில் கை வைக்காதே.

பதினொரு வருடக் கலியாணப் படங்கள் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன. காத்தான்குடி முஸ்லிம் கலியாணம் என்றால் பெண்கள் பக்கத்துப் படங்களை நம் கடையில் வேலைசெய்யும் ஜெமீலாதான் எடுப்பாள், அவள்தான் திருத்துவாள், அச்சிட்டு உறையிலிட்டு ஒட்டுவதும் அவள்தான். ஆண் கண் படாது என்பது நம் கடை கொடுக்கும் வாக்கு. அதை நம்பித்தான் நாற்பத்துமூன்று குடும்பங்கள் நம்மிடம் வந்திருக்கின்றன. போன திங்கட்கிழமை ஜெமீலா ஏறாவூரில் ஒரு கலியாணத்துக்குப் படமெடுக்கப் போயிருந்த நேரத்தில் நம் பழைய வாடிக்கையாளர், காத்தான்குடி நபீஸா உம்மா தொலைபேசியில் கோல் எடுத்தார். அவருடைய மகள் ஸாதியா, லண்டனில் இருக்கும் கணவனிடம் போவதற்கு வியாழக்கிழமை விசா விண்ணப்பம் கொடுக்கிறாள். பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்திருக்கும் படங்கள் பத்து வேண்டுமாம். அவை எல்லாமே பெண்கள் மண்டபத்தில் எடுத்தவை. "படத்த ஆம்பிளையள் ஒருத்தரும் பாக்கல்லதானே, சேர்?" என்று கேட்டார். "என்ட உயிர் இருக்குமட்டும் பாக்க மாட்டாங்க உம்மா" என்றேன். அந்த அளவில் நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

வாய்ச்சொல் போதாது, பெட்டிக்கும் இது தெரியவேண்டும் என்று எனக்குப் பட்டது. ஜெமீலா ஸாதியாவின் படங்கள் இருக்கும் போல்டரை எப்போதோ சரியாகப் பூட்டி வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. கலியாண மண்டபத்தில் நடுவே திரை கட்டுவதுபோல, கடையில் உள்ள ஐந்து பேரையும் ஆண்கள், பெண்கள் என்று இரண்டு குழுவாகப் பிரித்தேன். ஆண்களுக்குத் தடை போட்டேன். ஆனால் தம்பி, ஸாதியாவின் போல்டரில் போடவேண்டிய தடையை, எல்லாக் கலியாணங்களுக்கும் மேலே இருக்கிற பெரிய போல்டரில் போட்டுவிட்டேன். உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் இதையே போடவா, பழைய அனுமதிகளை அழிக்கவா என்று பெட்டி மரியாதையாகக் கேட்டது, நானும் மரியாதையாக ஓம் என்று அழுத்தினேன். பெண்களுக்கு அனுமதி கொடுக்க மறந்துபோனேன். பெட்டிக்கே அதிகாரியான கணக்கும் என் பெயரில்தானே இருக்கிறது, நான் ஆண்தானே என்று அதையும் ஆண்கள் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். முடிந்தது கதை. பதினொரு வருடப் படங்களில் ஒன்றைத் திறக்கவும் கடையில் ஆளில்லை. வியாழக்கிழமை அந்தப் பிள்ளை வெறுங்கையோடு போய் நிற்பதை நினைக்க, தெல்மா போட்டுத் தந்த தேத்தண்ணியும் ஆறிப்போனது.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்த ஜெமீலா நேரே பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கணினி திருத்தும் சதீசனைக் கூப்பிட்டாள். அவன் வந்து, "படம் ஒண்டும் அழியல்ல அக்கா, கதவுதான் பூட்டிக் கிடக்கு. நான் திறந்து தாறன்" என்று கதிரையை இழுத்தான்.

"திறந்தா உங்களுக்குப் படம் தெரியுமே தம்பி?"

"தெரியாம எப்படித் திறக்கிற?"

"நீங்க வாவியப் பாத்துக்கொண்டு சொல்லுங்க. நான் செய்றன்."

க்ளைவ், நீ இதைப் பார்த்திருக்க வேண்டும். சதீசன் கணினித் திரைக்கு முதுகைக் காட்டி, ஜன்னலுக்கு வெளியே தோணிகளைப் பார்த்தபடி ஒவ்வொரு படியாகச் சொல்கிறான். இவள் திரையில் வருவதை எழுத்தெழுத்தாக வாசித்துக் கேட்டு அழுத்துகிறாள். நான் வாசலில் நின்று யாருக்கும் வேண்டாத ஆலோசனைகள் சொல்கிறேன். தடை இருந்தாலும் அதிகாரிக் கணக்கால் போல்டரின் உரிமையைத் திரும்ப எடுக்கலாமாம். எடுத்தாள். ஆண்கள் தடையைக் கழற்றினாள். "இனி எல்லாருக்கும் திறந்து விடுங்க அக்கா, அஞ்சு நிமிஷ வேல" என்றான் சதீசன். அப்போதுதான் ஜெமீலா யாரென்று எனக்கு விளங்கியது. "ஏலா தம்பி. நாப்பத்திமூணு வீட்டுக்கு வாக்குக் குடுத்திரிக்கி. ஒரு நிமிஷமும் திறந்து கிடக்கப்படாது" என்று சொல்லி, முதலில் தன் ஒருத்திக்கு மட்டும் அனுமதி எழுதினாள், பிறகு தன் பையிலிருந்து ஓடர் கொப்பியை எடுத்தாள். எந்தக் கலியாணத்தை யார் யார் பார்க்கலாம் என்று முதல் நாளிலிருந்து எழுதி வைத்திருக்கிறாள்! திரை கட்டாத பழுகாமத்துத் தமிழ்க் கலியாணங்களைக் கடையில் எல்லோருக்கும் திறந்தாள். காத்தான்குடியின் பெண்கள் பகுதியை ஒவ்வொன்றாக மூடினாள். இரண்டு நாள் வேலை. புதன்கிழமை பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, என் கணக்கால் ஸாதியாவின் போல்டரைத் திறக்கச் சொன்னாள். அனுமதி இல்லை என்று வந்தது. "அல்ஹம்துலில்லாஹ், இப்ப சரி" என்று சிரித்தாள். சொந்தக் கடையிலிருந்து விரட்டப்பட்டதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கே பத்துப் படங்களையும் அச்சிட்டு ஒட்டிய உறையில் நபீஸா உம்மாவிடம் கொடுத்தாள். வியாழக்கிழமை விண்ணப்பமும் கொடுத்தாகிவிட்டது. வாக்கையும் காப்பாற்றினாள், கடையையும் காப்பாற்றினாள். முப்பது வருடமாகக் கடை நடத்துகிறேன், இப்படி ஒரு வேலைக்காரியை நான் கண்டதில்லை. இனி அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை என்று தெல்மாவுக்கு முன்னால் சத்தியம் செய்துவிட்டேன். பிறிசில்லாவுக்கு என் அன்பு, பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு.

உன் அண்ணன்,
வேர்னன்

பி.கு.: கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்தை சனிக்கிழமை கணினியில்தான் அழகாக அடித்தேன். எனக்கு வழி தெரிந்த ஒரே இடமான கலியாணப் போல்டரில் சேமித்தேன். அடித்து முடித்ததும் ஜெமீலாவை நினைத்து மனம் பொங்கி, காத்தான்குடியார் கலியாணத்தில் மகளுக்கு வீட்டை எழுதிக்கொடுப்பதுபோல அந்தப் பெரிய போல்டரை அவள் பெயருக்கே எழுதிவிட்டேன். அரைகுறையாகக் கொடுக்கக் கூடாதென்று என் பெயரையும் மற்றவர்களின் பெயர்களையும் அடியோடு எடுத்தேன். கடிதமும் அதற்குள் மாட்டிக்கொண்டது, அதனால்தான் திரும்பக் கையால் எழுதுகிறேன். அவள் ஓட்டமாவடியில் தங்கச்சி வீட்டில் நிற்கிறாள். கோல் எடுத்துச் சொன்னேன். "செவ்வாய்க்கிழம வாறன் சேர். அதுவரைக்கும் வாசல்ல இருங்க" என்றாள். தெல்மா மட்டும், ஜெமீலா பெயருக்கு எழுதினது எழுதினபடியே கிடக்கட்டும், உங்கள் வாழ்நாளில் அந்தப் பெட்டியில் நீங்கள் செய்த ஒரே சரியான வேலை அதுதான் என்கிறாள்.